1960களின் டிரம்ஸ் ஒலி: பழைய செட்டா, புது மறுபதிப்பா, கையிலிருப்பதே போதுமா?

1960களின் டிரம்ஸ் ஒலியில் மயங்கியவர்களுக்கு மூன்று வழிகள் உண்டு. லட்விக், கிரெட்ச் போன்ற அமெரிக்க கம்பெனிகளின் அந்தக் காலத்து செட்டைத் தேடிப்பிடித்து வாங்கலாம். அதே கம்பெனிகள் பழைய முறையில் இன்று செய்து விற்கும் புது செட்டை வாங்கலாம். அல்லது, வீட்டில் இருக்கிற செட்டின் ஹெட்டையும் (டிரம்மின் வாயை மூடும் தோல் அல்லது பிளாஸ்டிக் தாள்) டியூனிங்கையும் மாற்றி, அதையே பழையபடி பேச வைக்கலாம். மூன்றாவது வழிக்கு ஆகும் செலவு மற்ற இரண்டின் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. முதல் இரண்டில் எது விலை கூடுதல் என்பது செட்டைப் பொறுத்தது. பேர்போன பழைய செட் புதியதைத் தாண்டிப் போகும். அதே கம்பெனியின் கீழ்மட்ட மாடல் பாதி விலைக்குக்கூடக் கிடைக்கும்.

நான் மூன்றாவது வழியில் தொடங்கச் சொல்கிற கட்சி. காரணம் சிக்கனம் இல்லை. பழைய ஒலி என்று நம் காதில் விழுவதில் பெரும்பங்கு மரத்தின் வயதிலிருந்து வருவதில்லை. ஹெட், அது உட்காரும் விளிம்பு, வாசித்த கை, ஒலிப்பதிவு செய்த அறை, இவை நான்கும்தான் அந்த ஒலியைத் தீர்மானிக்கின்றன. இவற்றில் விளிம்பு ஒன்றுதான் செட்டோடு வருவது. மற்றவற்றை ஒரு புதிய செட் கூட வாங்காமல் மாற்றிப் பார்த்துவிடலாம். அதைச் செய்யாமல் கடல் கடந்து ஒரு செட்டை வரவழைத்தால், கடைசியில் அதிலும் உங்கள் பழைய டியூனிங்தான் கேட்கும்.

எந்தப் பழைய ஒலி?

முதலில் இதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். "விண்டேஜ் சவுண்ட்" என்று ஒரே ஒலி கிடையாது.

பீட்டில்ஸின் டிரம்மர் ரிங்கோ ஸ்டாரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1964 பிப்ரவரி 9 அன்று எட் சல்லிவன் டிவி நிகழ்ச்சியில் அமெரிக்கா பார்த்தது கறுப்பு ஆய்ஸ்டர் பேர்ல் (சிப்பி மாதிரி மினுக்கும் உறை) போர்த்திய சின்ன லட்விக் செட்: காலால் மிதித்து அடிக்கும் 20 இன்ச் பேஸ் டிரம், அதன் மேல் 12 இன்ச் டாம், தரையில் நிற்கும் 14 இன்ச் ஃப்ளோர் டாம். அதற்கப்புறம் லட்விக் தொழிற்சாலைக்கு வந்த ஆர்டர்களைச் சமாளிக்க முடியாமல் இரவும் பகலும் ஓட்ட வேண்டியிருந்தது. அந்த செட்டின் ஒலி திறந்து, துள்ளலாக, கொஞ்சம் உயரமாக இருக்கும். ஐந்தே வருடத்தில், 1969 பதிவுகளில், அதே மனிதர், அதே கம்பெனி, ஆனால் கேட்பது வேறு ஒலி. மேப்பிள் நிறத்து ஹாலிவுட் செட், டாம்களில் கன்றுத்தோல் ஹெட், மேலே சமையலறைத் துண்டு. தடித்து, அடங்கி, அடித்த இடத்திலேயே நின்றுவிடும் ஒலி. நம்மில் பலர் "பீட்டில்ஸ் டிரம்ஸ்" என்று சொல்லும்போது இந்த இரண்டில் எதைச் சொல்கிறோம் என்று நமக்கே தெரிவதில்லை.

ஜாஸ் பக்கம் போனால் கதை வேறு. எல்வின் ஜோன்ஸ், டோனி வில்லியம்ஸ், ஆர்ட் பிளேக்கி, மேக்ஸ் ரோச் எல்லாரும் கிரெட்ச் ஆட்கள். 18, 20 இன்ச் பேஸ் டிரம்மை உள்ளே ஒன்றும் அடைக்காமல், டாம் மாதிரி ஸ்வரம் பிடித்து வைப்பார்கள். நியூ ஜெர்சியில் எங்கிள்வுட் கிளிஃப்ஸில் ரூடி வான் கெல்டர் 1959இல் திறந்த ஸ்டூடியோவின் உயர்ந்த மரக்கூரையும் அந்த ஒலியில் ஒரு பங்காளி.

லெட் செப்பலின் டிரம்மர் ஜான் பானம் இன்னொரு கோடி. 26 இன்ச் பேஸ் டிரம், இரண்டு பக்கமும் ஹெட், நன்றாக இழுத்த டியூனிங். அந்தக் குழுவின் நான்காவது ஆல்பத்துக்காக ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டின் படிக்கட்டுக் கூடத்தில் செட்டைப் போட்டு, மேல் தளத்திலிருந்து இரண்டு மைக்கைத் தொங்கவிட்டுப் பதிவு செய்த ஒலியை இன்றும் ஆட்கள் துரத்திக்கொண்டிருக்கிறார்கள். அது முக்கால்வாசி படிக்கட்டின் ஒலி. லட்விக் வாங்கினால் படிக்கட்டு கூட வராது.

ஹெட்டும் விளிம்பும்

ஹெட்டைக் கழற்றினால் ஷெல்லின் (டிரம்மின் உடம்பு) வாயில் தெரியும் சரிவான விளிம்புக்கு பேரிங் எட்ஜ் என்று பெயர். ஹெட் மரத்தைத் தொடும் ஒரே இடம் இதுதான். இன்றைய செட்டுகளில் இதை 45 டிகிரியில் கூர்மையாகச் சீவியிருப்பார்கள். 60களின் லட்விக், ஸ்லிங்கர்லேண்ட் செட்டுகளில் பானை வாய் மாதிரி வெளிப்பக்கம் உருண்டிருக்கும். கிரெட்ச் 30 டிகிரி சரிவு. அதுவும் இன்றைய கூர்மைக்கு வெகு தூரம்.

விளிம்பு உருண்டிருந்தால் ஹெட்டின் ஓரத்தில் அகலமான ஒரு பட்டை மரத்தோடு ஒட்டிக் கிடக்கும். உயர்ந்த மேல்சுரங்கள் (அடிச்சுரத்தோடு கூடவே ஒலிப்பவை) ஹெட்டின் ஓரத்தில்தான் சுறுசுறுப்பாக ஆடுகின்றன. அந்தப் பட்டை முதலில் அவற்றைத்தான் விழுங்கும். அடித்ததும் ஒரு தடித்த "தும்" வரும், சட்டென்று அடங்கும். கூர்மையான விளிம்பில் ஹெட் ஒரு கோட்டில் மட்டும் உட்கார்ந்திருப்பதால் தடையில்லாமல் ஆடும். அடியின் முனை தெளிவாகக் கேட்கும், நாதம் நீளும், ஏற்றி இறக்கி டியூன் செய்ய நிறைய இடமும் இருக்கும். கூர்விளிம்பு மட்டம் என்று இதற்கு அர்த்தமில்லை. ஒவ்வொரு டிரம்முக்கும் தனி மைக் வைத்து, பெரிய மேடையில் கித்தார் சத்தத்தைத் தாண்டி வாசிப்பவர்களுக்கு அதுதான் வேண்டும். பழைய ஒலி வேண்டுமென்றால்தான் அது எதிராளி.

இங்கே நம் ஊர் ஆராய்ச்சி ஒன்று உதவிக்கு வருகிறது. வட்டமான தோல் ஒன்றை இழுத்துக் கட்டி அடித்தால் அதன் மேல்சுரங்கள் அடிச்சுரத்தின் 1.59 மடங்கு, 2.14 மடங்கு, 2.30 மடங்கு என்று முழு எண்ணுக்கு வராமல் முரண்டு பிடிக்கும். மிருதங்கத்தின் வலந்தலையில் பூசிய கறுப்புச் சோறு அந்த மேல்சுரங்களை ஒழுங்குக்குக் கொண்டுவந்து ஸ்வரமாக்குகிறது என்பதை சி. வி. ராமன் 1920இல் எழுதிய கட்டுரையில் விளக்கினார். டிரம் செட்டின் ஹெட்டில் அப்படி எதுவும் இல்லை. முரண்டு பிடிக்கும் மேல்சுரங்களை ஒழுங்காக்க முடியாததால் அமுக்குகிறார்கள். உருண்ட விளிம்பு, ஷெல்லுக்குள் திருகு வைத்த ஃபெல்ட் பட்டை, மேலே போட்ட துண்டு, ஸ்டாக்ஸ் ஸ்டூடியோவில் டிரம்மர் ஆல் ஜாக்சன் ஸ்நேர் (அடியில் கம்பிகள் கட்டிய டிரம்) மேல் வைத்த மணிபர்ஸ், எல்லாம் அந்த ஒரே வேலைக்குத்தான்.

ஹெட்டைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உலவுகிறது: பழைய ஒலி என்றால் தோல் என்று. ரிங்கோவின் 1969 பதிவுகள் போலச் சில விதிவிலக்குகள் தவிர, 60களின் ஒலி பிளாஸ்டிக் ஹெட்டின் ஒலி. டூபாண்ட்டின் மைலார் என்ற பாலியெஸ்டர் தாளில் ஹெட் செய்ய 50களின் நடுவில் பலர் முயன்றார்கள். சிக் எவான்ஸும் 1957இல் கம்பெனி தொடங்கிய ரீமோ பெல்லியும் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர்கள். அதுவரை கன்றுத்தோல்தான். தோலின் குணம் நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பறையைத் தீயில் காட்டாமல் அடிக்க முடியாத ஈரநாளில் அமெரிக்க டிரம்மருக்கும் அதே பாடுதான். மழை என்றால் தொய்யும், வறண்டால் விறைக்கும். அதனால் மைலார் வந்ததும் பெரும்பாலானவர்கள் திரும்பிப் பார்க்கவே இல்லை. ஆகவே 1964இன் ஒலி வேண்டுபவர் வாங்க வேண்டியது ஒற்றை அடுக்கு, வெள்ளைப் பூச்சுள்ள, 10 மில் தடிமன் ஹெட். அதாவது கால் மில்லிமீட்டர். ரீமோவில் கோட்டட் அம்பாசடர் என்று கேட்டால் எந்தக் கடையிலும் எடுத்துத் தருவார்கள். புது செட்டோடு வரும் கிளியர் ஹெட்டும், ராக் வாசிப்பவர்கள் விரும்பும் இரட்டை அடுக்கு ஹெட்டும் நம்மை வேறு பத்தாண்டுக்குக் கொண்டுபோய்விடும். 1969 ஒலிதான் வேண்டுமென்றால் தோலை நாடாமல், தோல் மாதிரி செய்த செயற்கை ஹெட்டும் ஒரு துண்டும் போதும்.

ஒரு பழைய டாமின் உள்ளே

1966 வாக்கில் வந்த லட்விக் டாம் ஒன்றின் ஹெட்டைக் கழற்றி உள்ளே பார்த்தால், இந்தச் சண்டையில் பாதி தீர்ந்துவிடும். உட்புறம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் புள்ளி புள்ளியாக ஒரு பெயிண்ட். அதன் மேல் சிவப்பு மையில் சாய்ந்தும் கோணியும் குத்திய தேதி முத்திரை. ஷெல் மூன்றே அடுக்கு, மெல்லியது. அது வட்டம் தவறாமல் இருக்க, மேலும் கீழும் உட்பக்கமாக மேப்பிள் வளையம் ஒட்டியிருக்கும். விளிம்பைத் தடவிப் பார்த்தால் ஓரிடத்தில் நன்றாக உருண்டும், நாலு விரல் தள்ளிச் சற்றுத் தட்டையாகவும் இருக்கும். பெயிண்ட் சொட்டு ஒன்று விளிம்பு வரை வழிந்து காய்ந்திருந்தாலும் ஆச்சரியம் இல்லை. ஒரே செட்டின் இரண்டு டாம்களுக்குள்ளேயே விளிம்பு ஒத்துப்போகாது. ஹெட்டை இறுக்கும் திருகு நுழையும் லக்குகளுக்குள் ஸ்பிரிங் உண்டு. அடித்தால் மெலிதாகக் கூடவே அதிரும். இன்றைய தொழிற்சாலையில் இப்படி ஒரு டாம் செய்தால் தரச் சோதனையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பழைய செட்டை வாசித்தவர்கள் "உயிர் இருக்கிறது" என்று சொல்வதில் இந்த ஒழுங்கின்மைக்கும் ஒரு பங்கு உண்டு.

மரம் என்ன? 60களின் பெரும்பகுதியில் வெளியிலும் உள்ளிலும் மஹாகனி, நடுவில் பாப்லர். பத்தாண்டின் கடைசியில் மேப்பிள், பாப்லர், மேப்பிள். 1976இல் வளையமில்லாத ஆறு அடுக்குக்கு மாறினார்கள்; அதிலிருந்து லட்விக்கின் குணமே வேறு. கிரெட்ச் ஆறு அடுக்கு, மேப்பிளும் கம் மரமும் கலந்தது, உள்ளே வெள்ளிப் பூச்சு. இங்கிலாந்தின் பிரீமியர் மெல்லிய பர்ச் ஷெல்லில் பீச் மர வளையம் வைத்தது.

இவற்றுக்குள் வித்தியாசம் இல்லை என்று சொல்லவில்லை. மெல்லிய ஷெல் தாழ்ந்த சுரத்தில் அதிரும், தடித்த ஷெல் முன்னே தள்ளிப் பேசும். ஆனால் மரத்தின் பெயரைவிடத் தடிமனும் வளையமும் விளிம்பும்தான் அதிகம் பேசுகின்றன என்பது என் காதின் தீர்ப்பு. பானமே இதற்குச் சாட்சி. 1973 சுற்றுப்பயணத்தில் அவர் வாசித்தது லட்விக் விஸ்டாலைட். மரமே இல்லை, ஆரஞ்சு நிற அக்ரிலிக். அப்போதும் அது பானம் ஒலிதான். அறுபது வருடம் காய்ந்த மரம் என்ற பேச்சைக் கடைக்காரரிடம் கேட்டால் தலையாட்டிவிட்டு விளிம்பைத் தடவிப் பாருங்கள். மரம் எவ்வளவு பழையதானாலும் சுற்றியிருக்கும் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப உறிஞ்சியும் விட்டும்கொண்டேதான் இருக்கும்.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். ஹூப் (ஹெட்டை அழுத்திப் பிடிக்கும் உலோக வளையம்): கிரெட்ச் வார்ப்பு ஹூப் கனமானது, ஹெட்டை இறுக்கிப் பிடித்து மேல்சுரத்தைக் குறைக்கும்; லட்விக்கின் மடித்த தகட்டு ஹூப் இலகுவானது, ஒலியைத் திறந்துவிடும். இதை எந்த செட்டிலும் மாற்றிக்கொள்ளலாம். ஆழம்: அன்றைய பேஸ் டிரம் 14 இன்ச் ஆழம்தான். இன்று 18, 20 என்று நீண்டுவிட்டது. ஆழம் குறைந்தால் மிதித்தவுடன் பதில் வரும். இதை ஹெட் மாற்றிச் சரிக்கட்ட முடியாது.

மைக்கும் அறையும்

1966இல் லண்டனின் அபே ரோடு ஸ்டூடியோவில் இளம் எஞ்சினியர் ஜெஃப் எமரிக் ரிங்கோவின் பேஸ் டிரம்முக்குள் ஒரு கம்பளி ஸ்வெட்டரைத் திணித்தார். ஸ்டூடியோ விதியை மீறி மைக்கை ஹெட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அப்புறம் ஒலியின் உச்சத்தை அமுக்கும் ஃபேர்சைல்டு 660 லிமிட்டரில் அதை நசுக்கினார். டிரம்ஸ் அப்படியே இருந்தது, ஒலி தலைகீழாக மாறியது. எஞ்சினியர் க்ளின் ஜான்ஸ் மூன்று நான்கு மைக்கில் முழு செட்டையும் பிடிக்கும் முறை இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. மைக் குறைந்தால் ஒவ்வொரு டிரம்மும் தனித்தனியாகக் கேட்காமல் செட் முழுவதும் ஒரே வாத்தியமாகக் கேட்கும். டிரம்மர் தன் கையாலேயே சிம்பலையும் ஸ்நேரையும் சமன் செய்தாக வேண்டும். ஹை-ஹாட்டை வெளுத்துக்கட்டுகிறவர் எந்த வருடத்து செட்டில் உட்கார்ந்தாலும் அந்த ஒலி வராது.

கையிலிருக்கும் செட்டை மாற்றினால்

எல்லா டாமுக்கும் ஸ்நேருக்கும் மேலே பூச்சுள்ள ஒற்றை அடுக்கு ஹெட். அடி ஹெட்டை மேல் ஹெட்டைவிடச் சற்று ஏற்றி டியூன் செய்யுங்கள். டாமை நீங்கள் வழக்கமாக வைக்கும் சுரத்தைவிடக் கூட்டியே வையுங்கள். பழைய ஒலி தாழ்ந்தது என்ற எண்ணம் 70களின் பதிவுகளிலிருந்து வந்தது. பேஸ் டிரம்மில்தான் பெரிய மாற்றம். முன் ஹெட்டில் ஓட்டை இருந்தால் ஓட்டையில்லாத ஹெட் போடுங்கள். தலையணையை வெளியே எடுங்கள். இரண்டு ஹெட்டின் அடியிலும் குறுக்காக ஒரு ஃபெல்ட் பட்டையை இழுத்து வையுங்கள். பெடலில் உள்ள பிளாஸ்டிக் பீட்டருக்குப் பதில் ஃபெல்ட் பீட்டர். மிதித்ததும் பீட்டரை ஹெட்டில் அழுத்தி வைக்காமல் திரும்ப விட வேண்டும். இதற்குக் காலுக்குக் கொஞ்ச நாள் ஆகும், முதலில் எரிச்சலாக இருக்கும். அதிகமாக ஒலிக்கும் டாம் மேல் கைக்குட்டையை மடித்து ஓரத்தில் டேப் ஒட்டினால் போதும். நடுவில் வைக்காதீர்கள்.

இதில் முக்கால்வாசி தூரம் வந்துவிடலாம். மீதி வராததற்குக் காரணம் செட்டின் உடம்பு: கூர்விளிம்பு, நீண்ட பேஸ் டிரம், 10 இன்ச் டாம். 10, 12, 14 என்று குட்டி டாம்களோடு வந்த செட்டில் எவ்வளவு மல்லுக்கட்டினாலும் 13, 16 இன்ச் டாம்களின் நெஞ்சு வராது. அந்த இடத்தில் காசைத் தூக்கலாம்.

விளிம்பை மட்டும் உருட்டிச் சீவித் தருவதும் நடைமுறையில் உண்டு. புது செட்டில் அதைச் செய்ய நான் தடை சொல்ல மாட்டேன். ஆனால் டிரம் வேலை தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும். கதவு ஜன்னல் செய்யும் ஆசாரியிடம் மரம் சீவும் ரவுட்டர் மிஷின் இருக்கிறது என்பதற்காகக் கொடுத்தால், விளிம்பு அரை மில்லிமீட்டர் ஏறி இறங்கினாலே டாம் டியூனிங்கில் நிற்காது. வெட்டிய மரம் திரும்ப வராது.

புது மறுபதிப்பு

லட்விக்கின் லெகஸி வரிசை பழைய மூன்றடுக்கு ஷெல்லையும் வளையத்தையும் திரும்பக் கொண்டுவந்தது. மேப்பிளிலும் மஹாகனியிலும் உண்டு. சோனோரின் விண்டேஜ் சீரிஸ் பீச் மரம், உருண்ட விளிம்பு. கிரெட்ச் விஷயத்தில் மறுபதிப்பு என்ற சொல்லே முழுசாகப் பொருந்தாது. யுஎஸ்ஏ கஸ்டம் வரிசையில் 30 டிகிரி விளிம்பு, வெள்ளிப் பூச்சு, வார்ப்பு ஹூப் எல்லாம் இன்றும் அப்படியே வருகின்றன. வட்ட பேட்ஜ் பதித்த பழைய ரவுண்ட் பேட்ஜ் கிரெட்ச்சுக்காக ஏங்குபவர் இதை ஒரு முறை வாசித்துவிட்டு ஏங்குவது நல்லது. பட்ஜெட் சின்னதென்றால் அதே கம்பெனியின் கேட்டலினா கிளப்: மஹாகனி, 18 இன்ச் பேஸ், 30 டிகிரி விளிம்பு. ஜாஸ் வாசிக்கும் இளைஞருக்கு இதற்கு மேல் உடனடியாக எதுவும் தேவையில்லை என்பேன்.

மறுபதிப்பின் பலம் சொல்லவே வேண்டாத அளவுக்கு நடைமுறையானது. வட்டம் சரியாக இருக்கும், ஹெட் உட்காரும், ஸ்டாண்டு நழுவாது, கச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு போகலாம். சென்னை, கொழும்பு போன்ற கடற்கரை ஊர்களில் ஏசி அறையிலிருந்து வியர்க்கும் மண்டபத்துக்குப் போய் வரும் வாழ்க்கைக்கு அறுபது வருடப் பசையைவிடப் புதுப் பசை நிம்மதி. குறை என்று பார்த்தால், எல்லா டாமும் ஒரே அச்சில் வார்த்தது போல ஒத்துப்போகும். எனக்கு அது குறையாகப் படவில்லை. பழையதை வாசித்துப் பழகியவர்களுக்கு அதுதான் முதலில் உறுத்தும்.

உண்மையான பழையது

இதற்கும் நியாயம் உண்டு. அந்த வடிவம், அந்தக் கிளிட்டர், கைபட்ட பொருள் என்ற சந்தோஷம். ஒலியைச் சாக்குச் சொல்லாமல் இதற்காகவே வாங்குபவரை நான் மதிக்கிறேன். நன்றாக வைத்திருந்தால் விலையும் இறங்காது.

லட்விக்தான் எளிதில் கிடைப்பது, உதிரி பாகமும் கிடைக்கும். ரிங்கோ புண்ணியத்தில் கறுப்பு ஆய்ஸ்டருக்கு மட்டும் தனி விலை. நிறத்தை விட்டுக்கொடுத்தால் மிச்சம். லக் குறைவாக உள்ள கிளப் டேட் மாடல் விலையும் குறைவு. ஷெல் பெரிய மாடல்களின் அதே ஷெல்தான். ஸ்லிங்கர்லேண்ட் ஒலியில் லட்விக்குக்குக் குறைந்ததில்லை, பெயரில்தான் குறைவு. அதனாலேயே வாசிப்பவருக்கு லாபம். ராஜர்ஸ் செட்டின் டாம்களைத் தாங்கும் ஸ்விவ்-ஓ-மேட்டிக் ஹார்டுவேர் அன்று மற்றவர்கள் பொறாமைப்பட்டது. ரவுண்ட் பேட்ஜ் கிரெட்ச் 1971 வரை வந்தது. ரோலிங் ஸ்டோன்ஸின் சார்லி வாட்ஸ் கடைசி வரை மேடையில் வாசித்தது 1957 கிரெட்ச். இந்தப் பட்டியலில் விலையால் பயமுறுத்துவது இதுதான். தி ஹூ குழுவின் கீத் மூன் உடைத்த பிரீமியர் செட்டுகளின் குரோம் பூச்சுக்கு ஈடில்லை. ஆனால் 60களின் பிரீமியரில் ஒரு கண்ணி இருக்கிறது. அன்றைய இங்கிலாந்து அளவுகள் சர்வதேச அளவோடு ஒத்துப்போகாது. இன்றைய 14 இன்ச் ஹெட் அதில் உட்காராது, தனியாக வரவழைக்க வேண்டும். வாங்கும் முன் அளவு கேளுங்கள்.

அளவுத் தொல்லை அமெரிக்க செட்டிலும் எட்டிப் பார்க்கும். தோல் ஹெட் காலத்துப் பழக்கத்தில் செய்த சில ஷெல்கள் ஒரு மயிரிழை பெரியவை. புது ஹெட் இறங்காமல் திக்கும், டியூன் நிற்காது. இதற்கென்றே அக்வேரியன் அமெரிக்கன் விண்டேஜ் என்ற ஹெட்டைச் சற்றுத் தளர்வாகச் செய்கிறது.

நேரில் பார்க்கும் வாய்ப்பு இருந்தால் ஹெட்டைக் கழற்றச் சொல்லுங்கள். மறுத்தால் வந்த வழியே திரும்பலாம். ஷெல்லைக் கண்ணாடிப் பலகை மேல் கவிழ்த்து உள்ளே ஃபோன் விளக்கைப் போட்டால் விளிம்பின் அடியில் எங்கே வெளிச்சம் கசிகிறது என்று தெரிந்துவிடும். நாலு திசையில் குறுக்களவு எடுத்து வட்டம் தவறியிருக்கிறதா பாருங்கள். வயதை அறிய லட்விக்கின் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். பேட்ஜுகளை வரிசைப்படி ஒட்டவில்லை. உள்ளே உள்ள சிவப்பு முத்திரைதான் சாட்சி. யாரோ பிற்பாடு போட்ட கூடுதல் ஓட்டைகள், மாற்றி ஒட்டிய ராப் (ஷெல்லின் மேல் உறை), இவை சேகரிப்பவரை ஓட வைக்கும், விலையைச் சரிக்கும், ஒலியைக் கெடுக்காது. வாசிக்க வாங்குபவர் இப்படிப்பட்ட செட்டைத்தான் தேட வேண்டும். விளிம்பை மறுபடி சீவிய செட் அப்படியில்லை. அதில் நீங்கள் காசு கொடுக்கும் பொருளே போய்விட்டது.

இந்தியாவுக்கு வரவழைப்பதானால் பேஸ் டிரம்மின் கனம் அல்ல, அது அடைக்கும் இடம்தான் கப்பல் கூலியைத் தீர்மானிக்கும்; சுங்க வரி தனி. டாம்களை ஒன்றுக்குள் ஒன்று வைத்து அனுப்பச் சொல்லலாம். அதற்கு ஹூப்பும் உள்ளே இருக்கும் மஃபிளரும் (ஒலியை அமுக்கும் ஃபெல்ட் பட்டை) கழற்றப்பட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் உரசி வரும்.

ஸ்நேர் மட்டும் வேறு கணக்கு

மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் விலக்கு ஒன்று உண்டு: லட்விக்கின் அலுமினிய ஸ்நேர். 60களின் தொடக்கத்தில் வந்த சுப்ராஃபோனிக், ஸ்டூடியோக்களில் அதிகம் ஒலித்த ஸ்நேர்களில் ஒன்று. பானம் வாசித்ததும் அதன் 6.5 இன்ச் ஆழ வடிவம்தான். குரோம் இல்லாமல் அதே அலுமினிய ஷெல்லை மாணவர்களுக்கென்று மலிவாக விற்ற மாடல் அக்ரோலைட். அமெரிக்கப் பள்ளிக்கூட பேண்டுகளில் ஆயிரக்கணக்கில் புழங்கியதால் இன்றும் சந்தைக்கு வந்துகொண்டே இருக்கிறது. உலோகத்துக்கு வட்டம் தவறும் வியாதி குறைவு, பசை விடும் கவலையே இல்லை, பெட்டியில் அடங்கும், கையோடு விமானத்தில் யாராவது கொண்டுவந்து தரலாம். ஒரு செட்டின் குணத்தைப் பாதிக்கு மேல் ஸ்நேர்தான் சொல்கிறது. கையிலிருக்கும் செட்டில் ஹெட்டுகளை மாற்றிவிட்டு, மிச்சக் காசில் ஒரு பழைய அக்ரோலைட்: என்னைக் கேட்டால் மூன்று வழிகளையும்விட இந்தக் கலவைதான் காசுக்குச் சரியான ஒலி.

சுப்ராஃபோனிக்கில் குரோம் அலுமினியத்தோடு சரியாக ஒட்டாமல் கொப்புளம் போடும், உதிரும். உப்புக்காற்றில் இன்னும் வேகமாக. பார்க்க அசிங்கம், ஒலிக்கு ஒன்றும் ஆகாது, அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம். அக்ரோலைட்டில் அந்தப் பிரச்சினையே இல்லை. இரண்டிலும் பார்க்க வேண்டியது அடியில் உள்ள கம்பிகளை இறுக்கித் தளர்த்தும், பக்கவாட்டில் உள்ள ஸ்ட்ரெய்னர். நெம்புகோலைப் பத்துப் பதினைந்து முறை மேலும் கீழும் தட்டிப் பாருங்கள். தானாக விழுந்தாலோ திருகு வழுக்கினாலோ அதன் விலையைக் கழித்துப் பேசுங்கள். புது ஸ்ட்ரெய்னர் மாட்டும்போது பழைய ஓட்டைகளிலேயே பொருந்துவதாகப் பார்த்து வாங்குங்கள்.